கொழும்பில் சோலர் வீடு: அத்திவாரம் வெட்டுமுன் கணினியில் கட்டிப் பார்க்க ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் யாராவது ‘சோலர் வீடு’ என்று ஒரு பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதில் தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும். குளிர்காலத்தில் தாழ்வாக வரும் வெயிலை உள்ளே இழுத்து, தரையையும் சுவரையும் சூடேற்றி, ஹீட்டர் செலவைக் குறைப்பது அவர்களுடைய கணக்கு. அதே பிளானைத் தெஹிவளையில் கட்டினால் வருடம் முழுக்க ஏசி ஓட வேண்டிவரும். கொழும்பில் வெயில் கூரைமேல் உள்ள பனல்களோடு நின்றுவிட வேண்டும், அறைக்குள் வரக்கூடாது. எத்தனை பனல் போடலாம் என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு குறைந்த கரண்டில் இந்த வீட்டில் இருக்க முடியும் என்பதுதான் முதற் கேள்வி.

கட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் திருத்துவதற்குக் காசு போதாது. பிளான் காகிதத்தில் இருக்கும்போதே கணினியில் அந்த வீட்டைக் கட்டி, கொழும்பின் ஒரு வருட வெயிலையும் காற்றையும் அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிடலாம். கீழே சொல்லும் மென்பொருட்கள் பெரும்பாலும் இலவசம். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினி ஒன்றும் சில வார இறுதிகளும் போதும். ஆறு முதல் பத்து பேர்ச் காணியில் வீடு கட்டப் போகிறவர்களையும், இருக்கும் வீட்டுக்கு மேல்மாடி போடப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. வானிலைக் கோப்பை எடுங்கள்

இப்படிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதைத்தான் சிமுலேஷன் என்பார்கள். எல்லாச் சிமுலேஷனுக்கும் அடித்தளம் வானிலைக் கோப்பு. ஈ.பி.டபிள்யூ. வகைக் கோப்பில் ஒரு வருடத்தின் 8760 மணித்தியாலங்களுக்கும் வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், திசை, நேரடி வெயில், மேகத்தினூடாகப் பரவி வரும் வெளிச்சம் எல்லாம் வரிசையாக இருக்கும். எனர்ஜிபிளஸ் (ஐந்தாம் படியில் வரும் மென்பொருள்) இணையத்தளத்திலும் கிளைமேட் வன்பில்டிங் தளத்திலும் இலங்கைக் கோப்புகளை இலவசமாக இறக்கலாம். பல வருடத் தரவிலிருந்து வழக்கமான ஜனவரி, வழக்கமான பெப்ரவரி என்று பொறுக்கியெடுத்து ஒட்டிய வருடம் அது. ஆகவே போன ஏப்ரலில் நீங்கள் பட்ட வெக்கையை அதில் தேடாதீர்கள்.

பக்கத்தில்தானே இருக்கிறது என்று சென்னைக் கோப்பைப் போட்டுவிட வேண்டாம். அங்கே மே மாதத்தில் 40 பாகையைத் தொடும். மழையும் வேறு பருவத்தில் வரும். கொழும்புக்கு அது பொருந்தாது.

2. மொடலுக்கு முன் ஊரைப் படியுங்கள்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் செய்த கிளைமா என்ற கருவி உலாவியிலேயே ஓடும். கோப்பை அதில் ஏற்றினால் வரைபடங்கள் வந்துவிடும். எல்லாவற்றையும் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம். கொழும்பில் பகல் உச்சம் 30, 31 பாகை என்றால் இரவில் ஆறேழு பாகைதான் இறங்கும். தடித்த சுவர் பகற்சூட்டை வாங்கி வைத்து இரவில் ஆறிவிடும் என்ற வறண்ட நாட்டு உத்தி இங்கே அரைகுறையாகத்தான் வேலைசெய்யும். மேல்மாடியில் கொங்கிரீட் சிலாப்புக்குக் கீழே படுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இரவு பத்து மணிக்கும் மேலேயிருந்து சூடு இறங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். பின்னேர வெயிலும் அதே பக்கம்தான். கொழும்பு வீட்டின் பெரிய சிக்கல் இதுதான். ஆறாம் படியில் திரும்ப வருகிறேன்.

மூன்று, சூரியன் போகும் பாதை. கொழும்பு வடக்கு அகலக்கோடு 6.9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டியும் செப்டெம்பர் 5ஆம் திகதியை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதம் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும்! வடக்கு யன்னலுக்கு வெயில் படாது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்ததை மறந்துவிடுங்கள். டிசம்பரில் அது தெற்கே சாயும். அப்போதும் உச்சியில் கிட்டத்தட்ட 60 பாகை உயரத்தில்தான் இருக்கும். மொத்தத்தில் வருடம் முழுக்க அதிக வெயில் வாங்குவது கூரை. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள்.

3. ‘நல்ல வீடு’ என்பதற்கு ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் மொடல் போட்டால் வரைபடம் அழகாக வரும், முடிவு வராது. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களுக்கு ஆஷ்ரே 55 என்ற அமெரிக்கத் தரம் எளிய சூத்திரம் ஒன்றைத் தருகிறது: வெளியே நிலவும் சராசரி வெப்பநிலையை 0.31 ஆல் பெருக்கி 17.8ஐக் கூட்டுங்கள். கொழும்பின் சராசரியை 27.5 என்று வைத்தால் விடை 26.3 பாகை. அதிலிருந்து 3.5 பாகை மேலே வரை, அதாவது 29.8 வரை, பெரும்பாலானோர் தாங்குவார்கள். ஃபான் ஓடினால் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம்.

ஆகவே உங்கள் மதிப்பெண் இது: ஏசி போடாத நிலையில், ஒவ்வொரு அறையிலும் வருடத்தில் எத்தனை மணித்தியாலம் 29.8 பாகையைத் தாண்டுகிறது? ஹோலுக்குப் பகல் நேரத்தையும் படுக்கையறைக்கு இரவு நேரத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். பகல் இரண்டு மணிக்குப் படுக்கையறை 32 பாகையில் இருந்தால் யாருக்கு நட்டம்? அங்கே ஆளே இல்லை.

4. சின்னதாகத் தொடங்குங்கள்

நேரே பெரிய மென்பொருளுக்குப் போனால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். அலாடின் என்ற இலவசக் கருவி உலாவியில் ஓடும். அதற்கு முன்னோடி எனர்ஜி3டி, கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டியது. பாடசாலை மாணவர்கள் சோலர் வீடு வடிவமைத்துப் பழகுவதற்கென்றே வளர்ந்த கருவிகள் இவை. சுவரை இழுத்து நீட்டலாம், கூரையைச் சாய்க்கலாம், பனலை எடுத்து வைக்கலாம். சூரியனை மாதம் மாதமாக ஓடவிட்டு நிழல் எங்கே விழுகிறதென்று பார்க்கலாம். ஒரு நாளுக்கும் ஒரு வருடத்துக்கும் வீடு செலவழிப்பது எவ்வளவு, பனல் தருவது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

இங்கே கட்டாயம் செய்ய வேண்டியது, அயல் வீடுகளையும் பெட்டி பெட்டியாக வரைவது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் எட்டு மாடித் தொடர் எழும்பியிருப்பது புதினமில்லை. அது உங்கள் மேற்குச் சுவரைக் காப்பாற்றுகிறதா, பனலைக் கெடுக்கிறதா என்பதை இந்த நிழற்படம்தான் சொல்லும். பக்கத்துக் காணி இன்னும் வெறுமையாக இருந்தால், அங்கே நான்கு மாடி வந்துவிட்டதாக வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இந்த எளிய கருவிகள் வடிவத்துக்கும் நிழலுக்கும் நல்லவை. ஈரப்பதனை நம்பி ஒப்படைக்கலாகாது. கொழும்பில் ஏசி செய்யும் வேலையில் கணிசமான பங்கு காற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுப்பது. அதற்கு அடுத்த படி வேண்டும்.

5. எனர்ஜிபிளஸ், கூடவே அதில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள்

எனர்ஜிபிளஸ் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் இலவச மென்பொருள். கணக்கில் வல்லது, முகம்தான் கிடையாது. ஓப்பன்ஸ்டூடியோ அதற்கு ஒரு முகம் கொடுக்கிறது. டிசைன்பில்டர் இன்னும் வசதியானது, ஆனால் காசு கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்காக அதை வாங்க நான் சொல்லமாட்டேன்.

வீட்டை ஸோன்களாகப் பிரியுங்கள்: ஹோல், குசினி, ஒவ்வொரு படுக்கையறை, அப்புறம் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளி. கடைசியாகச் சொன்னதை மறக்க வேண்டாம். ஓட்டுக்குக் கீழே அடிக்கும் அலுமினியத் தாள் வேலைசெய்வது, அது ஒரு காற்று இடைவெளியைப் பார்த்து இருக்கும்போது மட்டுமே. கூரை, காற்று, சீலிங் மூன்றையும் ஒரே சுவர்போல அடுக்கிக் கொடுத்தால் எனர்ஜிபிளஸ் அந்தக் காற்று இடைவெளியை ஒரு மாறாத தடையாக மட்டும் எடுத்துக்கொள்ளும். தாளின் பளபளப்பு கணக்கிலேயே வராது. அந்த வெளியைத் தனி ஸோனாக வைத்து, தாளின் உட்பக்க வெப்ப உறிஞ்சல் அளவை 0.05 அளவில் கொடுத்தால்தான் பலன் தெரியும்.

மென்பொருள் தானாகப் போட்டு வைத்திருக்கும் மதிப்புகள் குளிர்நாட்டுக்காரருடையவை. நான்கைக் கட்டாயம் மாற்றுங்கள்.

நில வெப்பநிலை: நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டால் எனர்ஜிபிளஸ் 18 பாகை என்று எடுத்துக்கொள்ளும். கொழும்பில் தரைக்கடியில் 18 பாகை இருந்தால் நாம் எல்லோரும் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்போம். இதை மாற்றாவிட்டால் கீழ்மாடி பொய்யாகக் குளிரும். பன்னிரண்டு மாதத்துக்கும் 26, 27 என்று கொடுங்கள்.

சுவரும் கூரையும்: ஆயத்தமாக வரும் பட்டியலில் பஞ்சு அடைத்த அமெரிக்கச் சுவர்கள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு உங்கள் சுவரை அடுக்கடுக்காக நீங்களே கொடுங்கள்: பூச்சு, ஒன்பது அங்குலச் செங்கல் அல்லது சீமெந்துக் கல், மறுபடி பூச்சு.

ஹீட்டர்: அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் மழைநாள் அதிகாலையில் மொடல் வீட்டைச் சூடாக்கி, அதற்கும் பில் போடும்.

நிலப்பரப்பு: கோப்பிலுள்ள காற்று திறந்த வெளியில், பத்து மீற்றர் உயரத்தில் அளந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் அந்தக் காற்று வராது. நிலப்பரப்பு என்ற இடத்தில் ‘சிட்டி’யைத் தெரிவுசெய்யுங்கள். மரைன் டிரைவில் கடலைப் பார்த்த வீடு என்றால் ‘ஓஷன்’ போடலாம். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

இப்போதைய வீட்டையும் ஒருமுறை மொடலாக்கிப் பார்த்தால் நல்லது. மலிவான வெப்பமானி ஒன்றைப் படுக்கையறையில் வைத்து இரண்டு வாரம் காலை, பகல், இரவு குறித்துக்கொள்ளுங்கள். மொடல் சொல்வதும் வெப்பமானி சொல்வதும் ஒன்றிரண்டு பாகைக்குள் இருந்தால் புதிய வீட்டின் மொடலையும் ஓரளவு நம்பலாம். ஐந்து பாகை தள்ளி நின்றால், பெரும்பாலும் காற்றோட்டம் அல்லது கூரையின் நிறம் பிழையாக இருக்கும்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சிமுலேஷன் உங்கள் அடுத்த வருடப் பில்லைச் சரியாகச் சொல்லாது. இந்தக் கூரையா அந்தக் கூரையா என்று ஒப்பிட்டுச் சொல்வதில்தான் அது கெட்டிக்காரன். ஆகவே அடிப்படை வீடு ஒன்றை ஓட்டி மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒன்றை மாற்றி ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

கூரையில் தொடங்குங்கள். நண்பகலில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழும். கறுத்த அஸ்பெஸ்டஸ் சீற் அதில் 850ஐ உறிஞ்சும். புதிய வெள்ளைப் பூச்சு 300ஐ. நூறு சதுர மீற்றர் கூரைக்கு அந்த வித்தியாசம் 55 கிலோவாட். எல்லாம் உள்ளே இறங்குவதில்லை, காற்றும் கொண்டுபோகும்; இருந்தாலும் வேறெந்த மாற்றமும் இதற்குக் கிட்ட வராது. ஒரு எச்சரிக்கை: கொழும்பு மழையில் வெள்ளை வெள்ளையாக இருக்காது, பாசி பிடிக்கும். வெயிலை உறிஞ்சும் அளவாகப் புதுப்பூச்சுக்கு 0.3 கொடுத்து ஓட்டிய பிறகு 0.5 கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது விடையை நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிலாப் கூரை என்றால் இன்னொரு வழி உண்டு. பனல்களை ஓரடி உயர்த்தி மாட்டினால் அவை கரண்டும் தரும், சிலாப்புக்குக் குடையும் பிடிக்கும். பனல்களை நிழல் தரும் மேற்பரப்பாக மொடலில் வரைந்து, கீழே உள்ள அறையின் இரவு மணித்தியாலங்கள் எவ்வளவு குறைகின்றன என்று பாருங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைமேல் பனல் மாட்ட நினைப்பவர்கள் துளை போடுவதற்கு முன் யோசியுங்கள். அந்தத் தூசியைச் சுவாசிக்கவே கூடாது; கூரையை மாற்றிவிட்டுப் பனல் போடுவதே புத்தி.

அடுத்தது மேற்குப் பக்கம். நான்கடி உயர யன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேட் போடுவது பாஸ்மாரின் வழக்கம். மார்ச் மாதம் பின்னேரம் நான்கு மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 34 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது அந்தச் சன்ஷேட்டின் நிழல் ஒன்றேகால் அடிக்குச் சற்று மேலேதான் இறங்கும். ஐந்து மணிக்கு முக்கால் அடி. மிச்சக் கண்ணாடி முழுக்க வெயில். சன்ஷேட்டை மூன்றடியாக நீட்டினாலும் இந்தக் கதை பெரிதாக மாறாது. நிமிர்ந்த தட்டிகள், வெளிப்பக்க மர யன்னற்கதவு, அல்லது ஆறேழடி விறாந்தை வேண்டும். யன்னலையே அடைத்துவிட்டால் கடற்காற்று போய்விடும். ஆகவே மூன்று வகையையும் ஓட்டுங்கள்: யன்னல் இல்லாமல், தட்டியோடு, விறாந்தையோடு. காற்றோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், யன்னலை அடைத்த வீடு தோற்பதைப் பல பிளான்களில் காண்பீர்கள்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. குசினி தென்கிழக்கு அக்கினி மூலையில் வந்தால் கொழும்புக்கு நல்லதுதான்: தென்மேல் காற்று ஹோலைத் தாண்டி வந்து அடுப்புச் சூட்டை வெளியே தள்ளும். பெரிய படுக்கையறை தென்மேற்குக் கன்னி மூலையில் வருவதுதான் தொல்லை. பின்னேர வெயில் முழுவதையும் அந்தச் சுவர் வாங்கி, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே விடும். அறையை மாற்ற வீட்டிலுள்ள பெரியவர்கள் விடமாட்டார்கள் என்றால், அந்த மேற்குச் சுவரோடு குளியலறையையும் அலுமாரி இடத்தையும் வைத்துப் பாருங்கள். மூலையும் மாறாது, சூடும் நேரே வராது.

முற்றம் வைப்பதா என்ற கேள்வி எட்டுப் பேர்ச்சில் கட்டாயம் வரும். நம்முடைய நாற்சார் வீட்டுக்கு அதுதான் மூச்சு. 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பு அல்பிரட் பிளேஸில் ஏனா டி சில்வாவுக்கு வடிவமைத்த வீடும் நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்ததுதான். சின்னக் காணியில் ஆறடிக்கு ஆறடி திறப்புக்கூடப் பின்னறைக்குக் காற்றும் வெளிச்சமும் தரும். ஆனால் அதன்மேல் திறக்க முடியாத கண்ணாடி போட்டு மூடினால் அது அடுப்பு. இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தால் பிறகு வாதாடத் தேவையிருக்காது.

7. இனிப் பனல்

இப்போதுதான் வீடு எவ்வளவு கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். 12,000 பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) ஏசி ஒன்று இரவில் எட்டு மணித்தியாலம், சராசரியாக 0.6 கிலோவாட் வாங்கி ஓடினால் மாதம் 144 யூனிட். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், குறைக்கும் யூனிட் மேல்படியிலிருந்து, அதாவது விலை கூடிய பக்கத்திலிருந்து கழியும். ஆகவே கூரைக்கடியில் அடிக்கும் அலுமினியத் தாளுக்கும் பனலுக்கும் ஒரே காசைப் போடுவதாக இருந்தால் தாளுக்கு முதலில் போடுங்கள்.

பனல் உற்பத்தியைப் பார்க்க பி.வி.ஜி.ஐ.எஸ். என்ற ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையக் கருவியும் சாம் என்ற அமெரிக்க மென்பொருளும் இலவசம். திசையைக் கொடுக்கும்போது கவனம்: பி.வி.ஜி.ஐ.எஸ்.இல் தெற்கு 0, மேற்கு 90. சாமில் தெற்கு 180, மேற்கு 270. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் பனல் வேறு பக்கம் திரும்பிவிடும். நல்ல வேளையாக, நம் அகலக்கோட்டில் பத்துப் பாகைச் சாய்வில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வருட உற்பத்தியில் வித்தியாசம் ஒரு சில வீதம்தான். பத்துக்குக் குறைத்துப் படுக்கவிடாதீர்கள், மழைநீர் தேங்கி அழுக்குப் படியும்.

கொழும்பில் நிழலில்லாத ஒரு கிலோவாட் பனல் மாதம் 110 முதல் 120 யூனிட் தரும் என்று எடுத்துக்கொள்ளலாம். 550 வாட் பனல் ஒன்பது இருந்தால் ஐந்து கிலோவாட். இடம் கிட்டத்தட்ட 24 சதுர மீற்றர். விற்பனையாளர் இதைவிட நிறையச் சொன்னால் அவருடைய கணக்கைக் கேட்டு வாங்கி, நிழலும், வயர், இன்வேர்ட்டர் போன்றவற்றில் போகும் 14 வீத இழப்பும் சேர்த்து நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

மாதக் கூட்டுத்தொகையோடு நிற்காமல், மணிக்கணக்கிலும் ஒப்பிடுங்கள். பனலின் உச்சம் நண்பகல். வீட்டின் உச்சம் இரவு ஏழு முதல் பத்து. மிச்சத்தை எல்லாம் மின்கட்டமைப்பு வாங்கிக்கொள்ளும் என்று இருந்த காலம் மாறி வருகிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகற்தேவை குறைந்தபோது, கூரைப் பனல்களைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். வாங்கும் விலையும் அடிக்கடி மாறுகிறது. தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், இஸ்திரி, மின்சார வாகனம் என்று பகலுக்கு நகர்த்தக்கூடியவற்றை நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் இரவுத் தேவையைப் பார்த்துத்தான் பற்றரியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

8. கட்டடக் கலைஞரிடம் கொண்டுபோகும்போது

முழு அறிக்கையையும் அச்சிட்டுக்கொண்டு போனால் யாரும் வாசிக்கமாட்டார்கள். ஒரே பக்கம்: அடிப்படை வீட்டின் மதிப்பெண், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வந்த மதிப்பெண், நீங்கள் தெரிவுசெய்தவை. பிளான் உள்ளூராட்சி சபைக்குப் போவதற்கு முன் இதைக் கொடுங்கள். பிறகு யன்னலை நகர்த்துவதென்றால் மறுபடி கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

கட்டுபவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேருங்கள். அலுமினியத் தாளுக்கும் சீலிங்குக்கும் இடையில் காற்று இடைவெளி விட வேண்டும். கூரையிலிருந்து, பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் வரை வயர்க் குழாயைச் சுவர் கட்டும்போதே புதைக்க வேண்டும். பனல் தாங்கிகளுக்கான பீடங்களைச் சிலாப்போடு சேர்த்து வார்த்து, அதன் பிறகே நீர்க்கசிவுப் பூச்சு அடிக்க வேண்டும். மற்ற வரிசையில் செய்தால் முதல் ஒக்டோபர் மழையிலேயே ஒழுகும். கடலோரக் காணி என்றால் தாங்கிகளும் ஆணிகளும் உப்புக்காற்றைத் தாங்கும் அலுமினியத்திலும் துருப்பிடிக்காத உருக்கிலும் இருக்க வேண்டும். இன்வேர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்ட விடாதீர்கள். படிக்கட்டுக்குக் கீழே, காற்றுப் போகும் இடம் ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும்.